தண்டவாளம் இல்லாத லிஃப்ட்

திங்கட்கிழமை காலை ஏழே காலுக்குச் சிறுவர் வார இதழ் வாசல் கதவின் இடுக்கு வழியாக உள்ளே வந்து விழுந்தது. லிஃப்ட் மெக்கானிக் பல் துலக்கிக்கொண்டே அதை எடுத்தார். பத்தாம் பக்கத்தைத் திருப்பினார். கடைசிக் கட்டத்தைப் பார்த்தார். வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க, செத்துட்டானா உங்க ஆளு?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் மனைவி.

அவர் போய்க் கொப்பளித்துவிட்டு வந்தார். "இன்னும் சாகலை. வியாழக்கிழமைக்குள்ள ஒரு வழி கிடைக்கலைன்னா செத்துடுவான்."

அவருடைய ஆள் என்பது தகரண்ணன். கழித்துப் போட்ட வெந்நீர்க் கொதிகலன் உடம்பு, கெட்டில் தலை, ஒட்டடைக்குச்சி போல இரண்டு கால். வாரம் இரண்டு பக்கம் படக்கதை. பதினோரு வருஷமாக வந்துகொண்டிருந்தது. கதையை எழுதுவது இவர். படம் போடுவது ஓவியர். இவர் பெயர் இதழில் எங்கேயும் வராது. வேண்டாம் என்று சொன்னதும் இவரேதான். பழுது பார்க்கப் போகிற இடத்தில் ஆட்டோகிராஃப் கேட்டால் வேலை கெடும் என்பார்.

தகரண்ணன் பிறந்ததே ஒரு லிஃப்ட் கதவு இடுக்கில்தான். நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே ஒரு சிறுமி தனியாக மாட்டிக்கொண்டாள். அழுகை நிற்கவில்லை. மேலே மோட்டார் அறையில் இன்னொருவர் கையால் சக்கரத்தைச் சுற்றிப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். அதுவரை குழந்தைக்குத் துணை வேண்டும். இவர் இடுக்கில் வாயை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். "நான் தகரண்ணன் பேசறேன். என் காலும் இங்கதான் மாட்டிக்கிச்சு. நீ அழுதா ஈரம் பட்டு எனக்குத் துரு பிடிக்கும்மா." உள்ளே அழுகை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "லிஃப்ட் அறுந்து விழுமா?" என்று ஒரு குரல்.

மாட்டிக்கொண்ட எல்லோரும் கேட்கிற கேள்வி. வக்கீல், வாத்தியார், பல் மருத்துவர், யாரும் பாக்கியில்லை. விழாது என்பதுதான் பதில். லிஃப்ட் ஏறி இறங்குகிற அந்த நெடுங்கிணற்றில், பெட்டியின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை இரும்புத் தண்டவாளம் நிற்கும். பெட்டி அளவுக்கு மீறி வேகமாக இறங்கினால், அதன் அடியில் இருக்கிற ஆப்புகள் பாய்ந்து தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். கயிறு அத்தனையும் அறுந்தாலும் பெட்டி சில அடிகளில் நின்றுவிடும்.

இந்தப் பதிலைக் கதையாக்க அவருக்குப் பதினோரு வருஷம் ஆனது. போன மாதம்தான் அமைந்தது. தகரண்ணனின் பரம விரோதி தும்மல் டாக்டர், வில்லத்தனமாக ஒரு வசனம் பேசினால் உடனே ஒரு தும்மல் போடுகிறவர், தகரண்ணனை ஏழு மாடி லிஃப்டில் அடைத்துக் கயிற்றை அறுக்கிறார். இந்த வாரம் அதோடு நிற்கும். அடுத்த வாரம் தகரண்ணன் உயில் எழுதி, பாத்திரம் பண்டமெல்லாம் பங்கு பிரித்து, கையெழுத்தும் போட்டு முடித்த பிறகுதான் பெட்டி எப்போதோ நின்றுவிட்டது என்று கண்டுபிடிப்பான். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, இனி லிஃப்டில் பயப்பட மாட்டார்கள்.

அச்சில் வந்த படத்தில் கிணறு இருந்தது. பெட்டி இருந்தது. அறுந்த கயிறு இருந்தது. தண்டவாளம் இல்லை.

ஓவியருக்குப் போன் போட்டார்.

"தண்டவாளம் எங்கய்யா?"

"எந்தத் தண்டவாளம்ணே?"

"எழுதியிருந்தேனே. பெட்டிக்கு ரெண்டு பக்கமும்."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம். "ஆமாண்ணே, எழுதியிருக்கீங்க. போட்டுத்தான் பார்த்தேன். ஏணி மாதிரி தெரிஞ்சுது. ஏணி இருந்தா ஏறிப் போயிடுவானேன்னு கேப்பாங்க. அழிச்சுட்டேன். கறுப்பும் நல்லா விழுந்துச்சு பாருங்க."

"கறுப்பு நல்லாத்தான் விழுந்திருக்கு. அவனும் விழறான்."

"அடுத்த வாரம் போட்டுடறேன்ணே. யார் கவனிக்கப் போறாங்க?"

இவர் போனை வைத்தார்.

அந்தக் கதைக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, முதல் கட்டத்துக்கு மேலேயே சின்ன எழுத்தில் வாராவாரம் வரும்: 'இதில் வரும் தப்பித்தல்கள் எல்லாம் செய்து பார்த்தவை.' செய்தும் பார்ப்பார். தகரண்ணன் எலுமிச்சம்பழத்தைப் பேட்டரியாக்கி மணி அடித்தால், அதற்கு முன்பே இந்த வீட்டில் எலுமிச்சம்பழத்தில் மணி அடித்திருக்கும். இரண்டாவது சட்டம் எங்கேயும் அச்சாகவில்லை. அச்சில் வந்தது நடந்தது. அவ்வளவுதான். ஒரு தடவை ஓவியர் காலைப் பத்து மணிக் காட்சியில் கடிகாரத்தை நாலு மணி காட்டும்படி வரைந்துவிட்டார். இவர் அதை மாற்றவில்லை. தும்மல் டாக்டர் ஊரில் ஆறு மணி நேரத்தைத் திருடிவிட்டார் என்று அடுத்த மூன்று வாரம் அதையே கதையாக்கினார். வரைந்ததை வரையவில்லை என்று சொன்னால், அடுத்த முறை தகரண்ணன் ஆபத்தில் மாட்டும்போது எந்தப் பிள்ளையும் பயப்படாது என்பது அவர் கட்சி.

பக்கங்கள் வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு இதழ் ஆசிரியர் மேசையில் இருக்க வேண்டும். ஆசிரியர் இரண்டு மாதமாகவே ஒரு மாதிரியாகப் பேசிக்கொண்டிருந்தார். வேறொருவர் ஒரு கதை கொடுத்திருந்தார். அதில் தகரண்ணன் பறப்பான், கண்ணிலிருந்து நெருப்பு விடுவான். "நல்லாத்தான் இருக்கு. உங்களால ஒரு வாரம் முடியலைன்னா சொல்லுங்க, அவர்கிட்ட குடுத்துடறேன்," என்று போன வாரம் தேநீர் ஆற்றிக்கொண்டே சொன்னார். ஒரு வாரம் போனால் மொத்தமும் போகும் என்று இருவருக்கும் தெரியும்.

ஆக, மூன்றரை நாள். தண்டவாளம் இல்லாத கிணற்றில் விழுந்துகொண்டிருக்கிற ஒருவனை, இறக்கை முளைக்காமல் காப்பாற்ற வேண்டும்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது மகளிடம் கேட்டார். அவள் பொறியியல் மூன்றாம் வருஷம். வீட்டில் அவள்தான் எதிர்க்கட்சி.

"தரையில மோதுற நேரத்துல எகிறிக் குதிச்சா?"

"அவன் எகிறற வேகம் விநாடிக்கு ரெண்டு மீட்டர். விழற வேகம் இருபது. மீதி பதினெட்டுல மோதுவான். தலையில வேற இடிச்சுக்குவான்."

"பெட்டிக்கு அடியில மெத்தை?"

"யார் போட்டு வெச்சாங்க? தும்மல் டாக்டரா?"

"அப்பா தூங்கறதுக்கு மெத்தை இருக்கு, போய்ப் படுக்கச் சொல்லு," என்றாள் மனைவி.

செவ்வாய்க்கிழமை ஒரு குடியிருப்பில் வேலை. கதவுச் சுவிட்ச் மாற்றி முடித்து, வியர்வையைத் துடைத்தபடி நின்றார். படிக்கட்டில் ஒரு பெண் மூச்சு வாங்க ஏறி வந்தாள். பின்னால் ஏழெட்டு வயதில் ஒரு சிறுமி, புத்தகப் பையோடு.

"லிஃப்ட் ஓடுதும்மா," என்றார்.

"அது தெரியுது சார். இவ வரமாட்டேங்கறா. நேத்துலேர்ந்து ஆறு மாடி படிதான். கேட்டா ஏதோ தகர டப்பா விழுந்துட்டிருக்குங்கறா."

சிறுமி கையில் இதழ் சுருட்டி இருந்தது. அவர் சாவி போட்டு வெளிக்கதவைத் திறந்து, டார்ச் அடித்தார். "இதோ பாரு பாப்பா. இந்தப் பக்கம் ஒரு தண்டவாளம். அந்தப் பக்கம் ஒண்ணு. கயிறே அறுந்தாலும் பெட்டி இதைக் கடிச்சுட்டு நின்னுடும்."

சிறுமி இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். பிறகு இதழை விரித்து, அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள். "இதுல இல்லையே."

"இல்லை," என்றார்.

"அப்ப அவன் செத்துடுவானா?"

"வியாழக்கிழமை தெரிஞ்சிடும்."

"திங்கட்கிழமைதான் வரும்," என்று திருத்திவிட்டு அவள் படியில் ஏறினாள்.

அன்று மாலை அவர், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று கேட்ட ஓவியருக்குப் போன் செய்து, கவனித்த ஆளைப் பற்றிச் சொல்ல நினைத்தார். சொல்லி என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பழைய கட்டடத்தில் பெட்டியின் மேல் ஏறி நின்று, மெதுவேகத்தில் கீழே போய்க்கொண்டிருந்தார். கயிறுகளுக்கு எண்ணெய் போடுகிற வேலை. குறுகலான கிணறு. பெட்டி இறங்க இறங்க, ஓரங்களிலிருந்து காற்று மேல்நோக்கிச் சீறும். இருபத்தெட்டு வருஷமாகப் பழகிய காற்று. கால்சட்டை படபடக்கும். மடித்து வைத்த துணி பறக்கும். அன்றைக்கும் துணி பறந்தது. அதைப் பிடிக்கக் கை நீட்டினவர், நீட்டியபடியே நிறுத்துப் பொத்தானை அழுத்தினார். பெட்டி நின்றது. காற்றும் நின்றது.

அடியில் இருக்கிற காற்றுக்கு வெளியே போக வேறு வழி இல்லை. ஓர இடுக்குதான் வழி. இடுக்கு குறுகினால் காற்று மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட காற்று பெட்டியைத் தாங்கும்.

கீழே இறங்கியதும் பையிலிருந்து இதழை எடுத்து ஸ்கேல் வைத்தார். ஓவியர் தண்டவாளத்தை அழித்ததால் அதற்கான இடமும் இல்லாமல் போயிருந்தது. பெட்டி சுவரோடு சுவராக இருந்தது. பெட்டியின் அகலம் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். சுவருக்கும் அதற்கும் இடையில் ஒரு வெள்ளைக் கோடு, அரை மில்லிமீட்டர். கீழிருந்து இரண்டாம் மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தும்மல் டாக்டர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கதவு வழியாகக் காற்று ஓடிவிடும். பெட்டி அதைத் தாண்டின பிறகு, கடைசி இரண்டு மாடிதான் காற்று தாங்கும். போதுமா? தெரியாது. செய்து பார்க்க வேண்டும்.

மாலை ஐந்தரைக்கு அவர் வீட்டுப் படிக்கட்டின் நடுவெளியில் ஏழு மீட்டர் பிவிசி குழாய் தொங்கியது. மாடிக்கு மாடி கைப்பிடியில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அடியில் மூடி. கீழிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் தும்மல் டாக்டரின் கதவுக்காக ஒரு பெரிய துளை. பெட்டிக்குப் பதில் பால்பவுடர் டின். உள்ளே கொஞ்சம் மணல், மணல்மேல் ஒரு அட்டை, அட்டைமேல் தகரண்ணனுக்குப் பதில் ஒரு முட்டை.

மேலே அவர். கீழே மூடி திறக்க மனைவி. நடுவில், கணக்கு நோட்டோடு மகள். விஷயம் கேள்விப்பட்டு ஓவியரும் வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூன்றாம் படியில் உட்கார்ந்திருந்தார்.

"விடறேன்," என்றார்.

உஸ்ஸென்று ஒரு சத்தம், பிறகு டம்மென்று ஒரு சத்தம்.

"என்னாச்சு?"

"ஆம்லெட்," என்றாள் மனைவி.

மகள் குழாயின் வாயை அளந்தாள். உள்விட்டம் நூற்றைந்து மில்லிமீட்டர். டின் நூறு. "ஓரத்துல ரெண்டரை விட்டிருக்கீங்கப்பா. படத்துல இருக்கற விகிதத்துக்கு ஒண்ணேகால்தான் வரணும்." அவர் இன்சுலேஷன் டேப்பை எடுத்து டின்னைச் சுற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் அளந்தார். ஒன்பதாவது சுற்றில் ஒன்றேகால் வந்தது.

விட்டார். இந்த முறை சத்தமே வேறு. விழுந்து, துளையைத் தாண்டினதும் யாரோ பிடித்து நிறுத்தியது போல ஒரு தயக்கம். பிறகு மெதுவாக ஒரு 'டக்'.

கீழே மனைவி மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஓவியர் எழுந்து நின்றிருந்தார்.

"உடையலை," என்றாள் மனைவி. ஓவியர் மூச்சு விட்டார். "இருங்க. அடியில ஒரு விரிசல் இருக்கு."

இன்னொரு முட்டை. விரிசல். மூன்றாவது. விரிசல், கொஞ்சம் நீளமாக. நாலாவது முட்டையை மனைவி தர மறுத்தாள். அப்புறம் தந்தாள். விரிசல்.

மகள் நோட்டைக் காட்டினாள். "நிஜப் பெட்டிக்கும் போட்டுப் பார்த்தேன்ப்பா. சைஸ் மாறினா வேகம் மாறும். தரையில வந்து விநாடிக்கு மூணு மீட்டர்ல உக்காரும். மேசையிலேர்ந்து குதிச்ச மாதிரி. மனுஷன்னா முட்டி வலிக்கும், அவ்வளவுதான்."

"அவன் கால் ஒட்டடைக்குச்சி."

"அப்ப மடங்கும்."

ஓவியர் ஒரு படி இறங்கி வந்தார். "அண்ணே, இன்னும் நாலு சுத்து டேப் போட்டா?"

மகள் கணக்குப் பார்த்தாள். "நாலு சுத்துன்னா இடுக்கு பாதியாயிடும். முட்டைக்கு ஒண்ணும் ஆகாது."

"போட்டுடுங்கண்ணே. நாலு சுத்து. யாருக்குத் தெரியும்?"

அவர் டின்னைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். வெகுநேரம். பிறகு அவர் சொன்னார், "நீ வரைஞ்சது அரை மில்லிமீட்டர்ப்பா. அது அச்சாயிடுச்சு." டேப்பை ஓவியரிடமே கொடுத்தார். "கால் மடங்கின மாதிரி வரை. காலைல எட்டு மணிக்கு உன் வீட்டுக்கு வரேன்."

மறுநாள் பதினொன்று நாற்பதுக்கு இருவரும் ஆசிரியர் மேசைக்கு முன்னால் நின்றார்கள். ஓவியர் விரலில் மை காயவில்லை. ஆசிரியர் நாற்காலி காட்டினார். மெக்கானிக் உட்காரவில்லை.

ஆசிரியர் முதல் பக்கத்தைப் படித்தார். தும்மல் டாக்டர் கதவில் நின்று கத்துகிறார்: 'உலகத்திலேயே தண்டவாளம் இல்லாத லிஃப்ட் என்னுடையது ஒன்றுதான்! போடச் சோம்பலாக இருந்தது! ஹ... ஹச்!' பெட்டிக்குள்ளிருந்து தகரண்ணன்: 'சோம்பேறிக்கு நன்றி. போட்டிருந்தால் ஓரத்தில் இடம் விட்டிருப்பாய்.' அடுத்த கட்டத்தில், பெட்டிக்கு அடியில் நசுங்குகிற காற்றைப் பார்த்துக் கும்பிடுகிறான்: 'இத்தனை நாள் உன்னைக் காலி இடம் என்று நினைத்துவிட்டேன். மன்னித்துவிடு.'

ஆசிரியர் வாய்க்குள் சிரித்தார். இரண்டாம் பக்கத்துக்குப் போனார். சிரிப்பு நின்றது.

"கால் என்ன இது?"

"மடங்கிடுச்சு சார்."

"அடுத்த வாரம் சரியாயிடுமா?"

"ஆகாது சார். நிமித்தினா ஒடிஞ்சிடும். அந்தத் தகரம் அப்படி."

"கதாநாயகனை நொண்ட வைக்கறீங்க."

"நாலு முட்டை விட்டோம் சார். நாலும் விரிசல். ஒண்ணு தப்பிச்சிருந்தாலும் காலை நேராப் போட்டிருப்பேன்."

"முட்டை விட்டது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். படிக்கற பிள்ளைக்குத் தெரியுமா?" ஆசிரியர் இழுப்பறையைத் திறந்து இன்னொரு காகிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். மேல் தாளில் தகரண்ணன் இறக்கையோடு இருந்தான். "இது தயாரா இருக்கு. பத்து நிமிஷத்துல ஒண்ணை அனுப்பணும். காலை நிமித்துங்க, உங்களுதை அனுப்பறேன்."

ஓவியர் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார். மெக்கானிக் மேசையைப் பார்த்தார்.

"அப்ப அதையே அனுப்பிடுங்க சார். ஒண்ணே ஒண்ணு. மேல அந்த ஒரு வரி வரும் பாருங்க, செய்து பார்த்தவைன்னு. அதை எடுத்துட்டு அனுப்புங்க."

தன் பக்கங்களை எடுக்கக் கை நீட்டினார். ஆசிரியரின் கை அதன்மேலேயே இருந்தது. எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரம் பதினொன்று ஐம்பது காட்டியது. ஆசிரியர் பக்கத்தை மறுபடியும் படித்தார், மெதுவாக, மேலே இருந்த அந்தச் சின்ன எழுத்திலிருந்து ஆரம்பித்து. பிறகு எழுந்து அலமாரிக்குப் போய், அடுத்த வார அட்டையை எடுத்து வந்தார். அது ஏற்கெனவே அச்சாகி வந்திருந்தது. தகரண்ணன் அட்டையில் ஒரு காலைத் தூக்கிப் படியேறிக்கொண்டிருந்தான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எந்தக் காலை மடக்கியிருக்கீங்க?"

"இடது."

"வலதா மாத்துங்க. அட்டையில இடது கால் நேரா இருக்கு. அச்சாயிடுச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

ஓவியர் பிளேடை எடுத்து, காயாத மையைச் சுரண்ட ஆரம்பித்தார். ஆசிரியர் இறக்கைக்காரனை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். மெக்கானிக் அப்போதுதான் உட்கார்ந்தார்.

அவருக்கு அப்போது ஐம்பத்து மூன்று. அறுபதைப் பார்க்கவில்லை. தகரண்ணன் அதற்குப் பிறகு இருநூற்றுச் சொச்சம் வாரம் நொண்டினான். ஒரு கட்டத்தில்கூட ஓவியர் காலை மாற்றிப் போடவில்லை.